புரிஞ்சுது சார்

டாக்டர் நன்றாகத்தான் பேசினார். எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, பேனா முனையால் அங்கே இங்கே தொட்டுக் காட்டி, இது இப்படி, அது அப்படி, ஆகையால் இன்னும் சில டெஸ்ட் என்று வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்துப் பேனாவை மூடிக்கொண்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்டார்.

கேள்வி அவர் வாயை விட்டு முழுசாக இறங்குவதற்குள் நெட்டை பதில் சொல்லிவிட்டான். “புரிஞ்சுது சார்.”

அதனால்தான் இப்போது பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, எக்ஸ்ரே உறையை மடியில் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, தனக்கு என்னதான் புரிந்தது என்று தேடிக்கொண்டிருந்தான். ஒன்றும் அகப்படவில்லை. டாக்டரின் மூக்கில் கண்ணாடி வழுக்கி வழுக்கி இறங்கியது ஞாபகம் இருந்தது. ‘ரெண்டு பக்கமும்’ என்று ஒரு வார்த்தை ஞாபகம் இருந்தது. ‘திரும்பாது’ என்று இன்னொரு வார்த்தை. எது திரும்பாது? போகிற உயிரா, கொடுத்த ஃபீஸா? இந்த இரண்டுக்கும் நடுவில் ஏராளமான வியாதிகள் இருக்கின்றன.

முப்பது வயதாக அவனுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அந்த மாதங்களுக்கு அவன் இருப்பானா என்பதைத்தான் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். சொன்னாரோ என்னவோ.

நெட்டையைப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு கைகழுவிவிட்டது. அவனும் பதிலுக்குப் பள்ளிக்கூடத்தைக் கைகழுவிவிட்டான். அங்கே சொல்லிக்கொடுத்ததில் பெரும்பகுதியை வீடு வந்து சேர்வதற்குள்ளேயே தொலைத்தவன் அவன். ஆனால் ஒரு பாடம் மட்டும் எலும்பு வரைக்கும் ஏறியிருந்தது. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் கணக்கைப் போட்டு முடித்துத் திரும்பி, “புரிஞ்சுதா?” என்பார். புரியவில்லை என்று சொல்கிறவன் எழுந்து பெஞ்சின்மேல் ஏறி நிற்க வேண்டும். மணி அடிக்கிற வரைக்கும் மின்விசிறிக்குப் பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டு அவன் நிற்க, மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். புரிந்தது என்று சொல்கிறவன் உட்கார்ந்தே இருக்கலாம். இதில் எது லாபம் என்று கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கடைசி பெஞ்சின் நாலு பேரும் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து மேஜைக்கு அந்தப் பக்கம் யார் பேனாவோடு உட்கார்ந்திருந்தாலும் சரி, நெட்டையின் கழுத்து அவனைக் கேட்காமலே ஆடும். பேங்கில் ஆடும். போலீஸ் ஸ்டேஷனில் ஆடும். ஒருமுறை செல்போன் கடையில் ஆடிவிட்டு, தனக்கு வேண்டாத ஒரு திட்டத்துக்கு வருஷம் முழுக்கக் காசு கட்டினான்.

அந்த நாலு பேரில் ஒருவன் லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ இருக்கிறான். இன்னொருவன் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு ஓட்டியவன். விபத்தில் ஹெல்மெட்டுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. மூன்றாமவன் குண்டு. நெட்டையைக் கல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனவனே அவன்தான். போன வருஷம் அவன் செத்துப்போனபோது பாடையைத் தூக்கியவர்கள் கனமே தெரியவில்லை என்றார்கள். உடம்பு போன பிறகும் பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. காசநோய் என்று பேசிக்கொண்டார்கள். நாலாவது ஆள்தான் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறான். முன் பெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரும் சௌக்கியமாக இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை. முடிச்சேதம்தான்.

கல் வேலை என்றால் மலையை உடைக்கிற வேலை இல்லை. வீடுகளில் சமையல் மேடைக்குப் போடுகிறார்களே, பளபளவென்று, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல, அந்தக் கல். கல்லைப் பொடியாக்கி, பசை சேர்த்து அழுத்தி, மறுபடி கல்லாக்கி விற்பது. அதில் சிங்க்குக்கு ஓட்டை, அடுப்புக்கு ஓட்டை, மூலைக்கு வளைவு எல்லாம் நெட்டை வெட்டுவான். பிளேடின்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டினால் தூசி சேறாகிக் கீழே வழியும். தண்ணீர் விடாமல் வெட்டினால் மாவாகி மேலே எழும்பும். தண்ணீர் விட்டால் வேலை மெதுவாக நடக்கும், வீட்டுக்காரரின் புதுத் தரை அழுக்காகும், அவர் மூஞ்சியும் அழுக்காகும். ஆகவே தரையைக் காப்பாற்ற வேண்டி நெட்டை பத்து வருஷமாக மாவைச் சுவாசித்து வந்தான். வேலை முடிந்து வெளியே வரும்போது புருவம், மூக்கு முடி, காது மடல் எல்லாம் வெளுத்து, ஒரே நாளில் கிழவனான மாதிரி இருப்பான்.

முதலாளி இரக்கமுள்ள மனுஷர். மாஸ்க் வாங்கிக் கொடுக்கவில்லையே தவிர, சாயங்காலமானால் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் தந்துவிடுவார். “பழம் தூசியை அப்படியே வழிச்சுக்கிட்டுக் கீழ போயிடும்டா. மாஸ்க் போட்டா வேர்க்கும், பழத்துல வேர்க்குமா?” என்பார். ஆட்கள் சிரத்தையாகச் சாப்பிட்டார்கள். குண்டு இரண்டாகச் சாப்பிட்டான்.

நெட்டையின் மனைவி இதைக் கேள்விப்பட்ட அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டாள். “பழம் போற குழாய் வேற, மூச்சு போற குழாய் வேறங்க. எட்டாவதுல படம் போட்டு நடத்தினாங்களே, சிவப்புல ஒண்ணு, நீலத்துல ஒண்ணு.”

நடத்தியிருப்பார்கள். அன்றைக்கு நெட்டை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். சட்டை அழுக்கு என்று டீச்சர் வெளியே அனுப்பியிருந்தார். ஜன்னல் வழியாகப் படத்தின் பின்பக்கம்தான் தெரிந்தது. படித்தவர்கள் இருக்கிற இடத்துக்கு அழுக்கோடு போகக்கூடாது என்று அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டான். அதுவும் ஒரு பாடம்தானே.

இன்றைக்கும் அந்தப் பாடத்தின்படிதான் நடந்தான். டாக்டரிடம் போவதென்று முடிவானதும் நகக்கண் வரை தேய்த்துக் குளித்தான். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டான். பவுடர் பூசி, சென்ட் அடித்துக்கொண்டான். “என்ன வேலை பாக்கறீங்க?” என்று டாக்டர் கேட்டபோது, கல்லு, தூசி என்றெல்லாம் அந்தச் சுத்தமான அறையில் கொட்ட மனசு வராமல், “கடையில சார்” என்றான். டாக்டர் எதிரில் பவுடர் வாசனையோடு ஒரு கடைக்காரன் உட்கார்ந்திருந்தான். அவரும் அவனையே பரிசோதித்து அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள். “என்ன சொன்னாரு?”

அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். தெருமுனை மருந்துக்கடையில் வேலை. மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, “இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க” என்று வாடிக்கையாளர்களை மடக்குவாள். பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். மீதிப் பேர் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

“ஒண்ணுமில்ல. சளிதான்.”

“சளிக்கா எக்ஸ்ரே எடுத்தாரு?”

“பெரிய சளி.”

“சரி, அவரு சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க.”

“நான் என்ன உங்க கடை கஸ்டமரா?”

“கஸ்டமரா இருந்தா எனக்கென்ன, கவரை வாங்கிட்டுப் போயிட்டே இருப்பாங்க. விடிய விடிய என் பக்கத்துல இருமுறது நீங்கதானே. சொல்லுங்க.”

“சாப்பாட்டுக்கு அப்புறம் காலையில ஒண்ணு…”

“அது நான் கடையில சொல்றது. அவரு என்ன சொன்னாரு?”

நெட்டை சட்டைப் பொத்தானைக் கழற்றுவதில் மும்முரமானான். அவள் உறையிலிருந்து படத்தை உருவி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். விலா எலும்புகள் ஏணிப்படி மாதிரி தெரிந்தன. படிகளுக்கு நடுவில், மேல் பாதி முழுக்க, யாரோ கைப்பிடி மாவைத் தூவிவிட்ட மாதிரி இருந்தது.

“இது என்ன புள்ளி புள்ளியா?”

“எக்ஸ்ரேன்னா அப்படித்தான் இருக்கும்.”

“எத்தனை எக்ஸ்ரே பாத்திருக்கீங்க நீங்க?”

“இது ஒண்ணுதான்.”

அவள் படத்தைக் கீழே இறக்கவில்லை. லைட்டுக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோய், விரலால் புள்ளிகளை எண்ண ஆரம்பித்தாள். நெட்டையால் அதைப் பார்க்க முடியவில்லை.

“எனக்கு ஒண்ணும் புரியலடி” என்றான். “அவரு பேசினது ஒரு வார்த்தை புரியல.”

“அப்ப அங்கேயே கேக்க வேண்டியதுதானே.”

“புரிஞ்சுதுன்னு சொல்லிட்டேனே.”

“நாளைக்குப் போய், புரியலன்னு சொல்லுங்க.”

“இன்னிக்குப் புரிஞ்சது நாளைக்கு எப்படிப் புரியாமப் போகும்? பொய் சொன்னேன்னு தெரிஞ்சு போயிடாது?”

“தெரிஞ்சா தெரியட்டும். உங்களைப் பெஞ்சு மேல ஏத்தப் போறாரா?”

ஏற்றமாட்டார் என்று நெட்டையால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் வேலையில் பாதி நாள் லீவு கேட்டுக்கொண்டு டாக்டரிடம் போவதாக ஒப்புக்கொண்டான். விடிந்ததும், ஒப்புக்கொண்ட தைரியத்திலேயே, வேலைக்குப் போனான். மாடி வீடு ஒன்றில் சமையல் மேடைக்குச் சிங்க் ஓட்டை பாக்கி இருந்தது. வீட்டுக்காரம்மா காலேஜில் பாடம் நடத்துகிறவர். ரொம்ப மரியாதையானவர். மெஷினை எடுத்ததும் மூக்குக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்பதுபோல் இரண்டு மாஸ்க்கைச் சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே? கதவைச் சாத்திக்கறேன். எங்க வீட்டுல தூசி ஒத்துக்காது.”

“சரிங்க மேடம்.”

கதவு மூடிக்கொண்டது. கதவுக்கடியில் இருந்த இடுக்கில் வெளிப்பக்கமிருந்து ஈரத்துணி ஒன்று மெல்லச் சொருகப்பட்டது. ஒரு துளி மாவும் வீட்டுக்குள் போகாது. எல்லாம் உள்ளேதான், நெட்டையோடு.

ஓட்டையின் கடைசி மூலையை வெட்டும்போது இருமல் வந்தது. வழக்கமாக வருகிற, வந்து போகிற இருமல் இல்லை. மெஷினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். மூச்சை இழுத்தான். பாதி வழியில் யாரோ கதவடைத்த மாதிரி அது நின்றது. மறுபடி இழுத்தான். மாவு மெதுவாக, அவசரமே இல்லாமல், அவன்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. குண்டுவும் இப்படித்தான் வேலைக்கு நடுவில் உட்கார ஆரம்பித்தான். ‘காலு வலிக்குதுடா’ என்பான். கால் வலிக்கு ஏன் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறான் என்று அப்போது நெட்டைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். கால் வேறு பக்கம் போயிற்று. குண்டுவின் மனைவி மார்க்கெட் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று பிழைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

“என்னண்ணே, வேலையில இருந்து அப்படியே வந்துட்டீங்க? தலையெல்லாம் வெள்ளையா. அவரு வர்ற மாதிரியே இருந்துச்சு ஒரு நிமிஷம்.”

நெட்டை ஸ்டூலில் உட்கார்ந்தான். “தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். அவனுக்கு டாக்டர் என்னதான் சொன்னாரு? உனக்குச் சரியா ஞாபகம் இருக்கா?”

“நான் எங்கண்ணே உள்ள போனேன்? வெளியில உக்காந்திருந்தேன். வந்து, ஒண்ணுமில்ல சளிதான்னாரு.”

“நீ ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டேனே. சளிக்கா எக்ஸ்ரே எடுத்தாங்கன்னு கேட்டேன். பெரிய சளின்னாரு.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அப்புறம் காசநோய் மாத்திரை குடுத்தாங்க. ஒரு வேளை விடலண்ணே. மாத்திரை விஷயத்துல என்னை ஏமாத்தினாருன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா இருமல் கொஞ்சம்கூடக் கேக்கல.”

“தூசியில வேலை பாக்கறேன்னு அவன் டாக்டர்கிட்ட சொன்னானா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? ஆனா போன அன்னிக்குக் குளிச்சாரு பாருங்க ஒரு குளியல். என் பவுடரை எடுத்துப் பாதி டப்பா கொட்டிக்கிட்டாரு. என்ன, பொண்ணு பாக்கப் போறீங்களான்னு கேட்டேன். படிச்சவங்க இருக்கற இடம்டி, அழுக்கா போனா வெளிய அனுப்பிடுவாங்கன்னாரு.” அவள் சிரித்தாள். சிரிப்பு முடியுமுன்பே முகம் மாறியது. “ஏண்ணே இதெல்லாம் கேக்கறீங்க? உங்களுக்கு ஏதாவதா?”

“சும்மாதான்” என்றான். எழுந்தபோது ஸ்டூலின்மேல் அவன் உட்கார்ந்த வட்டம் வெள்ளையாக இருந்தது. அவள் துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. குளிக்கவில்லை. போனில் மனைவியைக் கூப்பிட்டு, “ஆஸ்பத்திரிக்குப் போறேன்” என்றான்.

“இப்பத்தான் போறீங்களா? காலையில போறேன்னீங்களே. நான் வரட்டுமா?”

“வேணாம்.” ரோட்டைத் தாண்டினான். “வா.”

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டினார். “பெயின்டிங் வேலைக்கெல்லாம் பின்பக்கம் போப்பா.”

“நான் பேஷன்ட்டுண்ணே.”

காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழி விட்டார். உள்ளே நாற்காலி வரிசையில் அவன் உட்கார்ந்ததும் இரண்டு பக்கத்திலும் இடம் தாராளமாகக் காலியாயிற்று. ஒரு நர்ஸ் வந்து தரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி தரையைப் பார்த்தாள். நெட்டைக்கு வராந்தாவில் நிற்பது போலவே இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று இரண்டு தடவை காலைத் தரையில் ஊன்றினான். மூன்றாவது தடவை ஊன்றியபோது மனைவி மருந்துக்கடைக் கோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோட்டில் மாவு ஒட்டியது.

டாக்டருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பெயரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஆளைப் பார்த்தார்.

“நேத்து வந்தவரா? என்ன கோலம் இது?”

“வேலையில இருந்து அப்படியே வந்துட்டேன் சார்.”

“கடைன்னு சொன்னீங்க?”

“மேடைக்கல்லு வெட்டற வேலை சார். கல்லுக்கடை.”

டாக்டர் எழுந்தார். படத்தை மறுபடி விளக்குப் பலகையில் மாட்டினார். இந்தத் தடவை கிட்டப் போய்ப் பார்த்தார். எத்தனை வருஷம், தண்ணி விட்டா விடாமலா, கதவு திறந்தா மூடியா, மூஞ்சியில என்ன கட்டுவீங்க என்று கேட்டுக்கொண்டே போனார். நேற்றைவிட வேகமாகப் பேசினார். நேற்றைவிடக் குரல் இறங்கியிருந்தது. அந்த இறக்கம்தான் நெட்டையை அதிகமாகப் பயமுறுத்தியது. கடைசியில் பேனாவை மூடி, “புரிஞ்சுதா?” என்றார்.

“புரிஞ்சுது சார்” என்றது ஒரு குரல்.

நெட்டை திரும்பிப் பார்த்தான். சொன்னது மனைவி. ஊரையே திருப்பிச் சொல்ல வைக்கிறவள், பன்னிரண்டு வருஷம் படித்தவள், கழுத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். கண் நிறையத் தண்ணீர். அவள் ஒரு வார்த்தையும் காதில் வாங்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. இந்தக் கழுத்தாட்டத்தை அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

அவன் எழுந்து நின்றான். யாரும் நிற்கச் சொல்லவில்லை. தானாகவே வந்துவிட்டது.

“எனக்குப் புரியல சார்.”

“எது புரியல?”

“முதல்ல இருந்து.”

டாக்டர் வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, “உக்காருங்க” என்றார். நெட்டைக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

“கல்லு மாவு உள்ள போய் ஒட்டிக்கிச்சு. ஒட்டின இடமெல்லாம் தழும்பாயிருக்கு. தழும்பு விரியாது, சுருங்காது, அங்க காத்து போகாது. அது மறுபடி பழையபடி ஆகாது. மருந்து இல்ல. இப்ப சொன்னது புரிஞ்சுதா?”

“அது புரிஞ்சுது. மிச்ச இடம்?”

“மிச்ச இடம் நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கோட மாவை நிறுத்தினா அப்படியே இருக்கலாம். நிறுத்தினாலும் கொஞ்சம் பரவலாம். உறுதி சொல்ல முடியாது. நிறுத்தலைன்னா உறுதியாச் சொல்லலாம். காசநோய் இல்லைன்னு பாக்க டெஸ்ட் ஒண்ணு எடுக்கணும், இது இருந்தா அதுவும் சுலபமா வரும்.”

“குண்டுக்கும் இதுதானா சார்?”

“யாரு குண்டு?”

“என்கூடப் படிச்சவன் சார். கடைசி பெஞ்சு. உங்களை மாதிரி ஒரு டாக்டர்கிட்டதான் போனான். குளிச்சிட்டுப் போனான்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது துடைக்கத் துடைக்க அழுக்காகிக்கொண்டே இருந்தது போல, ரொம்ப நேரம் துடைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போன பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, திருப்பிச் சொல்லுங்க” என்றாள்.

அவன் சொன்னான். தழும்பு, திரும்பாதது, மிச்ச இடம், நிறுத்தினால் இருக்கலாம், நிறுத்தினாலும் பரவலாம், டெஸ்ட். ஒன்றும் விடவில்லை. வாழ்க்கையில் ஒரு பாடத்தை முழுசாக ஒப்பித்தது அதுதான் முதல் தடவை.

“இதுல எது உங்களுக்குப் பயமா இருக்கு?”

“எல்லாம்தான்.”

“நேத்து?”

“நேத்து எதுக்குப் பயப்படறதுன்னே தெரியலை. அது இதைவிட மோசம்.”

கல் வெட்டாவிட்டால் வேறு என்ன தெரியும் என்று அவன் யோசித்தான். ஒன்றும் தெரியாது. அவளும் அதையேதான் யோசிக்கிறாள் என்பது அவள் பைவாரைத் திருகுகிற திருகலில் தெரிந்தது. உள்ளே மிச்சமிருக்கிற இடம் எவ்வளவு இருக்கும், இரண்டு கைப்பிடியா, மூன்றா என்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தான்.

போன் அடித்தது. முதலாளி.

“எங்கடா பாதியில ஓடிட்ட? அந்த மேடம் போன் பண்ணிச்சு. சரி விடு, நாளைக்கு ஒரு வீடு இருக்கு. பெரிய மேடை, ரெண்டு சிங்க்கு. புதுத் தரையாம், தண்ணி ஊத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டு முடிச்சுடு. சரியா?”

நெட்டையின் கழுத்து ஆடத் தயாரானது. ஆடியும்விட்டது. ஆனால் போனில் கழுத்து ஆடுவது அடுத்த பக்கம் தெரியாது. மனைவி மட்டும் பார்த்தாள்.

“முடியாதுண்ணே” என்றான்.

பத்து வருஷத்தில் முதலாளி கேட்டிராத வார்த்தை அது.

“என்னடா ஆச்சு உனக்கு?” என்றார், உண்மையான கவலையோடு. “நேத்து பழம் சாப்பிடலையா?”